ஸ்டெம் செல் தேடிக் கொழும்புக்கு: பார்க்கின்சன் நோயாளியோடு போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம், ஓகஸ்டில், மருதமுனையிலிருந்து கொழும்புக்குப் போய்வந்தேன். ஆசைப்பட்டுப் போன பயணமல்ல. என் ராத்தா, அதாவது அக்காவின் கணவர் சம்சுதீன் மச்சான், கல்முனை–கொழும்பு பஸ்ஸை இருபத்தேழு வருடம் ஓட்டியவர். ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். காலையில் மரக்கட்டைபோல் விறைத்துக் கிடப்பார். பின்னேரத்தில் கை, கால், தலை எல்லாம் தன்பாட்டில் நெளியும். எடுக்கிற மருந்துக் குளிசை இனி வேலை செய்யாது என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டோம். அந்த நேரம் பார்த்து மருமகனின் போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது: வெளிநாட்டில் ஸ்டெம் செல் சிகிச்சை, கொழும்பு ஹோட்டலில் இலவச ஆலோசனை.

மச்சான் அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தார் என்று தெரியாது. சக்கர நாற்காலியில் இருந்தவர் கார் ஓட்டுகிறார். “மறுகா நானும் ஸ்டீயரிங் புடிப்பன்” என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எனக்கு வேறு வேலையில்லையாம்.

கல்முனையில் காலை 5.30க்கு பஸ். அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாக ஏறத்தாழ 340 கிலோமீற்றர். ஆளுக்கு 1,480 ரூபா. இடப்பக்கம் இருங்கள், வலப்பக்கம் வெயில் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நம்பாதீர்கள், அந்தப் பாதை வளைகிற வளைவுக்கு இரண்டு பக்கமும் வெயில்தான்.

9.10க்கு மகியங்கனையில் நிறுத்தினார்கள். மச்சான் அதற்குள் விறைத்துப்போனார். மூன்று படி இறங்க எட்டு நிமிடம். கொண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அவனை அறையலாமா என்றிருந்தது. பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏறும்போது மச்சானின் வாய் மட்டும் வேலை செய்தது.

“இவன் என்ன கியர்ல ஏத்துறான்? ரெண்டுல போடச் சொல்லுடா.”

“நீங்களே போய்ச் சொல்லுங்க மச்சான்.”

“ஏலுமெண்டா சொல்லமாட்டனா?”

கொழும்புக் கோட்டைக்கு வந்துசேரப் பின்னேரம் 3.50. மருதானையில் லொட்ஜ் 4,500 ரூபா. லிஃப்ட் இல்லை, முன்கூட்டியே கேளுங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹோட்டல். டை கட்டிய ஒரு இளைஞன். கடவுச்சீட்டு இருக்கிறதா, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா, காணி யார் பெயரில் என்றெல்லாம் கேட்டான். என்ன மருந்து எடுக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முள்ளந்தண்டில் ஊசி வழியாக ஸ்டெம் செல் ஏற்றுவார்களாம், அது தானாகவே மூளையைத் தேடிப்போய்ச் சரிசெய்யுமாம். செலவுக்குக் காணியை விற்றால் போதுமாம்.

“மூணு மாசத்துல நீங்க வண்டி ஓட்டலாம் அங்கிள்” என்றான். மச்சானின் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபத்தில் காது சூடேறியது. நல்லவேளை, அவர்களுக்கு நரம்பியல் டொக்டரின் கடிதம் ஒன்று தேவைப்பட்டது. அதற்காக அன்று பின்னேரம் 4.30க்கு ஒரு டொக்டரை சனல் பண்ணி, தனியார் ஆஸ்பத்திரியில் நேரம் எடுத்திருந்தோம். 3,200 ரூபா. இந்தப் பயணத்தில் உருப்படியான செலவு அது ஒன்றுதான்.

டொக்டர் அம்மா விளம்பரத்தை முழுக்க வாசித்தார். “ஆய்வுகூடத்தில வளர்த்த ஸ்டெம் செல் கலங்களை ஒப்பரேஷன் செய்து மூளைக்குள்ளயே வைச்சுப் பார்க்கினம். சில நாடுகளில நல்ல ஆராய்ச்சி நடக்குது. இவங்கள் சொல்லுறது அது இல்லை. ஆராய்ச்சியெண்டால் நோயாளியிட்ட இப்பிடிக் காசு கேக்கமாட்டினம்” என்றார். பிறகு மச்சானிடம், “ஐயா, குளிசை எத்தினை மணிக்கு எடுக்கிறீங்கள்?”

மச்சான் பெருமையாகச் சொன்னார்: “ஒரு நாளும் தவறினதில்ல. அஞ்சு வக்தும் தொழுது முடிஞ்ச கையோட. மச்சினன்தான் ஒழுங்குபண்ணித் தந்தான்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். ஒரு தாளில் நேரங்களை எழுதச் சொன்னார். சுபஹ் ஐந்து மணி. லுஹர் பன்னிரண்டேகால். அசர் மூன்றரை. மஃரிப் ஆறேகால். இஷா ஏழரை. காலையில் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் குளிசையே இல்லை. பின்னேரம் நான்கு மணித்தியாலத்துக்குள் மூன்று குளிசை. “நாளுக்கு ஐந்து தரம், இடைவெளி விட்டு” என்றுதான் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஐந்து என்றதும் ஐந்து வக்து என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன் நான். இரண்டு வருடமாக அந்த மனிதனைக் காலையில் கட்டையாகவும் பின்னேரம் பம்பரமாகவும் ஆக்கி வைத்திருந்ததும் நான்தான்.

டொக்டர் புது நேரம் எழுதித் தந்தார்: 5.30, 9, 12.30, 4, 7.30. மச்சானுக்கு அதில் அக்கறையில்லை. “நான் பஸ் ஓட்டுவனா டொக்டர்?” என்றார்.

“இல்லை ஐயா. நோய் மாறாது. ஆனா காலமை நீங்களே சேர்ட் பொத்தான் பூட்டலாம்.”

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: குளிசை எடுக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதி, முதலில் பக்கத்து கிளினிக்கில் காட்டுங்கள். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். கொழும்புக்குப் போயே ஆகவேண்டுமென்றால் போனில் அலாரம் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். ஹோட்டலில் ஆலோசனை என்றால் ஏறவே வேண்டாம்.

ஒரு மாதம் ஆகிறது. காலை பத்து மணிக்கு மச்சான் தானே சேர்ட் போட்டுக்கொண்டு, நேரான நடையில் என் வீட்டுக்கு வருகிறார். கையை நீட்டிக் காட்டுகிறார், அவ்வளவாக நடுங்கவில்லை. “பாத்தியா? இனி லைசன்ஸ் புதுப்பிக்கப் போவம்” என்கிறார். டொக்டர் சொன்ன ‘இல்லை’யை நான்தான் திரும்பச் சொல்லவேண்டும். அந்த டை கட்டியவனை மனதுக்குள் கிழி கிழியென்று கிழித்த எனக்கு, அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“அடுத்த கிழமை போவம் மச்சான்” என்கிறேன். மூன்று வாரமாக இதையேதான் சொல்கிறேன்.