சங்குமுகத்தில் ஒரு குதிரைச் சண்டை

சினிமாக்காரங்க எடுத்த சண்டைதான். ஆனாலும் அன்னைக்கு எனக்கு உயிரு தொண்டைக்குழிக்கு வந்துருச்சு. ஒரே அரண்மனைக்குள்ள அண்ணன் ஆளுங்களும் தம்பி ஆளுங்களும் சிம்மாசனத்துக்காக அடிச்சுக்கிடுற கதையாம். சங்குமுகம் கடற்கரையில ரெண்டு பக்கமும் குதிரைப்படை நின்னுச்சு. அண்ணன் படைக்கு முன்னால எங்க வெள்ளைக் குதிரை. அது மேல தலைப்பாகையும் அட்டைக் கேடயமுமா என் வீட்டுக்காரரு.

அதே மணல்ல பிள்ளைகளை ஏத்திச் சவாரி விடுறதுதான் எங்க பொழப்பு. கல்மண்டபத்துகிட்ட ஏத்தி, ஐஸ் வண்டிங்க நிக்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பணும். வருஷக்கணக்கா நடந்து பழகி, கடிவாளத்தைத் தொடாமலே குதிரை அங்க தானாத் திரும்பிரும். எல்லாரும் தயாரா நின்னப்பதான் எனக்கு அது உறைச்சுது. படை ஓடப்போறதும் அதே வழி! வண்டியை எல்லாம் அப்புறப்படுத்திட்டாங்க, சரி. குதிரைக்கு இடம் மறக்குமா? பின்னால வர்றது பூராவும் பந்தயத்துக்குப் பழகின குதிரைங்க.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயித்தைத் தாண்டி ஓடினேன். “சார், எங்க குதிரை பாதியில திரும்பிரும் சார்!”

உதவி டைரக்டர் மலையாளத்துல, “சேச்சி, அங்கோட்டு மாறி நிக்கு”ன்னு என்னை ஓரமாத் தள்ளினாரு. அதுக்குள்ள ஆக்‌ஷன்னு சத்தம்.

மண்ணு பறக்குது. நான் பயந்த அதே இடத்துல அந்தச் சனியன் பிடிச்ச குதிரை சட்டுனு திரும்புச்சு, தன் படைக்கே எதிரா! பின்னால வந்த ஒண்ணு இடிச்சதுல இவரு கீழ விழுந்தாரு. மத்த குதிரையெல்லாம் இவரை ஒட்டி ஒட்டிப் பாஞ்சு போகுது. ஐயோன்னு நான் கத்தின கத்துல கடல் சத்தமே கேக்கலை.

ஓடிப்போய்த் தூக்கினேன். வாயெல்லாம் மண்ணு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. “போதும் நீங்க நடிச்சது. வாங்க வீட்டுக்கு”ன்னு குதிரையை இழுத்தேன்.

மனுஷன் நகரலை. “ஏட்டி, இத்தனை வருஷமா ஊரான் பிள்ளையை ஏத்திவிட்டுக் கயித்தைப் பிடிச்சுக் கீழயே நடந்தாச்சு. ஒரு தடவை நானும் மேல இருந்து ஓடிக்கிடுதேனே.”

அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. “அப்போ ஏறுங்க”ன்னேன். குதிரைக் கயித்தை நான் பிடிச்சேன். டைரக்டர் மைக்கில கத்துறாரு, ரெண்டு படையும் காத்துக்கிடக்கு, நான் எதுக்கு அதையெல்லாம் கேக்கேன்? அந்த இடம் வந்ததும் குதிரை திரும்பப் பாத்துச்சு. மூக்குல ஒரு தட்டுத் தட்டி, வலுக்கட்டாயமா இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோனேன். முரண்டு பிடிக்காமத் தாண்டுற வரைக்கும் மறுபடி மறுபடி நடத்தினேன்.

திரும்பவும் ஆக்‌ஷன். நடக்கும்போது தாண்டினது ஓடும்போது தாண்டுமான்னு யாரு கண்டா? ஓரமாப் போய்ப் பாத்துக்கிட்டு நின்னேன். வந்துச்சு. தாண்டிருச்சு! தம்பி படை வாளை ஓங்கிட்டு வருது. என் வீட்டுக்காரரு வாளை உருவவே மறந்துட்டு, வாயெல்லாம் பல்லாச் சிரிச்சுக்கிட்டே அவங்களுக்குள்ள பாஞ்சு போறாரு.