இசு என்றால் நாற்காலி

அந்த வார்த்தையை நான் கற்றது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜப்பானிய வகுப்பு நடக்கும். வண்டலூர் தாண்டி இருந்த எங்கள் தொழிற்சாலையில், கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைத் தயாரித்தோம். ஜப்பானிய கம்பெனி ஒன்றோடு கூட்டு என்பதால், பிரிவுக்கு ஒருவரை மொழி படிக்க அனுப்பினார்கள். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலிருந்து நான் போனேன்.

ஆசிரியர் மேசையைத் தட்டி, "ட்சுகுஎ" என்றார். பிறகு தன் நாற்காலியின் முதுகைப் பிடித்து, "இசு" என்றார். நாங்களும் ராகமாக "இசு" என்றோம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரம்தான் எங்கள் பிரிவிலிருந்து எல்லா நாற்காலிகளையும் எடுத்துப் போயிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு மேனேஜர், "ஜப்பான்காரங்க ரூல்மா. உக்காந்தா தூக்கம் வருமாம்" என்றார். எதற்கெடுத்தாலும் ஜப்பான்காரனைச் சொல்வது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. கேன்டீனில் மோரை நிறுத்தினாலும் ஜப்பான்காரன். டீ நேரத்தைக் குறைத்தாலும் ஜப்பான்காரன். இருந்ததோ ஒரே ஒரு ஜப்பானிய இன்ஜினியர். அவர் பேசுவது எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் மேனேஜர்.

என் பக்கத்தில் வேலை செய்த பெண்ணுக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியிருந்தது. இரும்புக் கம்பி வைத்த ஷூ போட்டுத்தான் நடப்பாள். உட்கார்ந்து செய்யும் வேலை என்றுதான் இந்தப் பிரிவில் சேர்ந்தாள். தனக்கு மட்டும் ஒரு நாற்காலி கேட்டாள்.

"நிக்க முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. கட்டாயம் ஒண்ணும் இல்ல" என்றார் மேனேஜர்.

அன்று கம்பெனி பஸ்ஸில் அவள் சொன்னாள்: "ராவானா கால் வலி உயிர் போவுதுக்கா. தீபாவளி வரைக்கும் இழுத்துப் பாக்கறேன். அப்பால எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்." பல இடங்களில் அவள் காலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த வேலை போனால் வேறு கிடைக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம், நாற்காலி கூடாதா என்று எப்படிக் கேட்பது என்றேன்.

"இசு வா தமே தெசு கா. எதுக்கு மேடம்?"

"ஒருத்தர கேக்கணும் சார்."

மறுநாள் காலை இன்ஜினியர் எங்கள் பக்கம் வந்தார். மேனேஜர் அவருக்குப் பின்னால். நான் கேட்டேன். மேனேஜர் சிரித்து, "என்ன மேடம், ப்ராக்டிஸா?" என்றார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. வெறும் தரையைப் பார்த்தார், பிறகு அவள் ஷூவைப் பார்த்தார். ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். நான் விழிப்பதைக் கண்டு, உடைந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பழைய நாற்காலிகள் கிழிந்துவிட்டன. உள்ளிருக்கும் ஸ்பாஞ்சு உதிர்ந்து, ஒயர் முனையில் மாட்டும் கனெக்டருக்குள் போகிறது. அவற்றை எடுத்துவிட்டுப் புது நாற்காலி போடச் சொன்னேன் என்றார். "நியூ சேர்" என்று மேனேஜரைப் பார்த்து இரண்டு முறை சொன்னார்.

மதியம் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டோம் சார். நீங்கதான் ஜப்பான்னு சொன்னீங்க."

சுழலும் நாற்காலியில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதிது வாங்கும் செலவைத் தள்ளிப்போட ஒரு பெண்ணின் காலைப் பணயம் வைத்தவர், என்னிடம் மரியாதை பற்றி அரை மணி நேரம் பேசினார்.

அடுத்த நாள் ஒரே ஒரு நாற்காலி வந்தது, அவளுக்கு மட்டும்.

"இன்னாடி, ஜப்பான் சிம்மாசனமா? கொஞ்சம் நவுந்துக்கோ, நாங்களும் குந்தறோம்" என்றாள் எதிரில் நின்றவள்.

"வாங்கடி, மடியில எடம் கீது" என்றாள் இவள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தியை உட்காரவைத்துவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று மேனேஜர் கணக்குப் போட்டது எனக்குப் புரிந்தது.

அந்த வாரமே இன்ஜினியர் ஜப்பானுக்குத் திரும்பிப் போனார். வகுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். "சின்னப் பசங்க கத்துக்கட்டும் மேடம்" என்றார் மேனேஜர். சரி என்றேன். அதற்குப் பிறகு தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது, லைனில் எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழிலேயே கேட்டேன்: "மத்த நாற்காலிங்க எப்ப சார் வரும்?" சில நாள் கழித்து எதிரில் நின்றவளும் சேர்ந்து கேட்டாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். "வரும், வரும்" என்று முனகிக்கொண்டே போவார்.

பொங்கல் கழிந்துதான் வந்தன. அதுவரை நாங்கள் நின்றோம். அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.