சுவிட்சில் இருந்த கை

கள்ளக்குறிச்சியில் ஒரு கணினி மையத்தில் விண்ணப்பங்களைப் பதிவுசெய்யும் அந்த அம்மாவின் இடது கை, எப்போதும் கணினியின் சுவிட்சின் மேல்தான் இருக்கும். நான் எழுதிய மென்பொருள் கோப்புகளை அனுப்பும்போது திரை உறைந்துவிடும். உடனே அணைத்துவிடுவார்.

"உள்ள வேலை நடக்குதும்மா. பொறுமையா இருங்க," என்றேன் கோபமாக.

"நடக்குதுன்னு அது சொல்லணும்ங்க. நான் வேலை செஞ்சிக்கினே பத்து பேருக்குப் பதில் சொல்றேன்ல? வெள்ளிமலை பஸ்ஸ வுட்டா மலையிலேர்ந்து வந்து நிக்கிற இவங்க எப்படி வூடு போவாங்க?"

திரை உறையாதபடி அனுப்பும் வேலையைப் பின்னணிக்கு மாற்றி, 'நிறுத்து' பொத்தானும் வைத்து, மறுபடி கொண்டுபோனேன். பாதியில் அதை அழுத்தினார், நின்றது. மறுபடி அனுப்பினார். அது ஓடும்போதே அடுத்தவர் பெயரை ஒற்றைக் கையால் தட்டினார்.

"இப்ப சரிங்களா?"

"பாக்கலாம்."

இடது கை சுவிட்சிலேயே இருந்தது. இன்றைக்கும் நான் நிரல் எழுதுவது அந்தக் கைக்குப் பயந்துதான்.