அண்ணன் திரும்பி வந்த பக்கம்

அந்தத் தூக்குவாளியைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. சோற்றைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்தது நான்தான். அண்ணன் அதை எடுக்காமல் போயிருந்தார். பந்தல்குடியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கும் அம்மாவுக்கும் முந்தின நாள் காலையில் கல்யாணப் பேச்சில் வாக்குவாதம். "இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருதடவைகூடத் திரும்பவில்லை. அன்றே தூத்துக்குடி சாலையில் விபத்தில் இறந்துபோனார். அதன்பின் அம்மா அந்தக் காலையைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பல வருஷம் கழித்து, திருச்சுழியில் அரசாங்க வேலையில் இருந்துகொண்டே அண்ணனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். கைப்பிரதியைப் படித்த பதிப்பாசிரியர், "கடைசி அத்தியாயம் சட்டுனு முடிஞ்சிருது சார். கொஞ்சம் விரிச்சு எழுதுங்க" என்றார். என்னால் முடியவில்லை. அம்மா இருக்கும் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் வரும்போது, செல்போனிலிருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அந்த அத்தியாயத்தைக் கொடுத்து விரிக்கச் சொன்னேன். நடத்துனர் டிக்கெட் கிழித்து நகர்வதற்குள் எழுதிவிட்டது. அதில் அண்ணன் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, அம்மாவின் தலையில் கை வைத்து, "வாரேம்மா" என்றார். கிளம்பும்போதெல்லாம் அவர் அப்படித்தான் செய்வார். அதை நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதியதை வாசித்துக்காட்டினேன். அண்ணன் திரும்பி வரும் இடத்தைத் தாண்டிவிடத்தான் நினைத்தேன், வாய் நிற்கவில்லை. அம்மா தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார்.

"ஆமா, வந்தான். கை சில்லுன்னு இருந்துச்சு. லாரிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்திருந்தான்ல."

லாரிக்குத் தண்ணீர் ஊற்றியது செயலி எழுதியதிலும் இல்லை.

அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல முகம் தெளிந்தது. இந்த நிலையில்தான் பதிப்பகத்திலிருந்து ஒப்பந்தப் படிவம் வந்தது. செயலி எழுதிய பகுதி ஏதாவது இருந்தால் எது என்று கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "நடக்காதத நினைவுன்னு போட முடியாதுல்ல சார்" என்றார் பதிப்பாசிரியர். நானே அதை அழித்தேன்.

புத்தகம் வந்ததும் அம்மா கையில் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பெரியவன் திரும்பி வந்தத வாசிப்பா."

பக்கத்தைப் பிரித்தேன். அண்ணன் படியிறங்கிப் போனதோடு அச்சு முடிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே, அழித்ததை ஒரு வரி விடாமல் வாசித்தேன். லாரிக்குத் தண்ணீர் ஊற்றியதையும் சேர்த்தே வாசித்தேன்.

"நீயும் வாசல்ல நின்னு பாத்தீல?" என்றார் அம்மா.

"பாத்தேம்மா."

பொய்யென்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் இப்போது அந்தக் காலையை நினைத்தால், அண்ணன் போகிற முதுகு எனக்குத் தெரிவதில்லை. ஈரக் கையோடு தெருவில் நடந்து வந்துகொண்டிருக்கிறார். முகம்தான் வேறு யாருடையதோ போல இருக்கிறது.