மல்லாட்டைத் தோலும் என் வீட்டுப்பாடமும்

விழுப்புரத்தில் இன்று ஆசிரியர்களுக்கு டிசைன் திங்கிங் பயிற்சி. "ஒருவருடைய சிக்கலை அவரிடமே கேளுங்கள். தீர்வுக்கு மாதிரி செய்து உடனே சோதியுங்கள்." இதுதான் வீட்டுப்பாடம்.

மாலையில் திண்டிவனம் பஸ் ஏறினேன். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அக்காவைக் கண்டக்டர் ஏறவிடவில்லை.

"பஸ் பூரா தோலு. தெனம் நானா கூட்டிக்கினு கெடக்கறது?"

என் வீட்டுப்பாடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது!

"படிக்கட்டுகிட்ட ஒரு பை கட்டிடலாமாக்கா?" என்றேன்.

"யாரு டீச்சர் எழுந்து போய் போடுவாங்க? எழுந்தா சீட்டு போய்டும்."

என் முதல் மாதிரி அங்கேயே காலி.

அக்காவே யோசித்தார். "தோலு போட ஆளுக்கு ஒரு காலிப் பொட்டலம் குடுத்தா?"

காகிதம்? பயிற்சிக் கையேட்டை எடுத்துக் கிழித்தேன். இருவரும் சுருட்டினோம். "இன்னிக்கு மட்டும்தான்" என்று கண்டக்டர் விற்கவிட்டார்.

திண்டிவனத்தில் கண்டக்டர் தரையைக் குனிந்து பார்த்தார். ஒரு தோல்கூட இல்லை.

"அந்தம்மாவ நாளைக்கும் வரச் சொல்லுங்க டீச்சர்."

நாளை பயிற்சியில் கையேடு எங்கே என்று கேட்பார்கள். அதன் எல்லாப் பக்கமும் பயன்பட்டது என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். முழு மார்க் போடுவார்களா, மாட்டார்களா?