மாற்ற முடியாத விரல்

மீள்குடியேறி உயிலங்குளத்துக்குத் திரும்பியபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மன்னாரில் நண்டு பதனிட்டு அனுப்பும் ஒரு கம்பனியில். குளிர் அறைக்கு நான் பொறுப்பு. அதன் கதவுக்குப் பூட்டு, திறப்புக் கிடையாது; விரல் ரேகை பார்க்கும் மெசின்தான். மனேச்சரின் விரலுக்கும் என் விரலுக்கும் மட்டுமே திறக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை போனால், உள்ளே பாதிப் பெட்டிகளைக் காணவில்லை. மனேச்சர் கணினியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நேற்று மத்தியானம் உம்மட விரல்தான் திறந்திருக்கு."

"நேற்று நான் சிலாவத்துறையில, சிநேகிதியின்ர கலியாண வீட்டில நிண்டனான், சேர்."

"ஆக்கள் உமக்காகப் பொய் சொல்லுவினம். மெசின் சொல்லாது. பொலிஸ் வருமட்டும் இந்தக் கதிரையை விட்டு எழும்பக்கூடாது."

சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி, நான் நான்தான் என்று காட்டியே பழகியவள் நான். செய்தது நானில்லை என்று எப்படிக் காட்டுவது? தண்ணீர் குடிக்கப் போகக்கூட விடவில்லை. கையை மடிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

பொலிஸ் வருவதற்குள் பதிவை உறுதிப்படுத்த, மெசினைப் பொருத்திய மனிதரை மனேச்சரே வரவழைத்தார். அவர் கணினியைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

"உங்கட ரெண்டுபேற்ற ரேகையும் இதில படமாவே கிடக்குது. கடவுச்சொல்கூடப் போடேல்ல. ஆர் எடுத்து வச்சது?"

"நான்தான், ஒரு வசதிக்கு" என்றார் மனேச்சர்.

இதை ஆரும் எடுத்துத் திறக்கலாம் என்று காட்ட, மெசின்காரர் என் ரேகையைத் தாளில் அச்சடித்து, மேலே பசை பூசி, மின்விசிறியின் கீழ் காயவைத்தார். மெல்லிய தோல்போல உரிந்தது. தன் விரலில் ஒட்டிக்கொண்டு போய் மெசினில் வைத்தார். மூன்றாம் முறை கதவு திறந்தது. யாரோ ஒருவரின் கை, என் விரலோடு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தப்பினேன் என்ற எண்ணமே வரவில்லை.

"சரி, நீர் போம்" என்றார் மனேச்சர்.

"என்ர விரலை அழியுங்கோ" என்று கேட்டேன்.

மெசின்காரர்தான் பதில் சொன்னார். "இதில அழிச்சிட்டன், தங்கச்சி. களவெடுத்தவனிட்ட இருக்கிறதை என்னால அழிக்கேலாது. கடவுச்சொல் எண்டா மாத்தச் சொல்லுவன்."

களவெடுத்தவன் கடைசிவரை பிடிபடவில்லை. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். அடுத்த இடத்திலும் முதல் நாளே ஒரு மெசினை நீட்டினார்கள்.

"என்ர ரேகையை எங்க வைப்பியள்? ஆர் பாப்பினம்?" என்று கேட்டேன்.

பதிவெடுத்த கந்தோர்ப் பெண் சிரித்தாள். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது அக்கா. விரலை வையுங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம்."

வைத்தேன்.