துணிக்கொடிக் கணக்கு

அழைப்பு மணியை அமுக்கும் முன் புவனா வாசலில் கட்டியிருக்கும் துணிக்கொடியைத்தான் பார்ப்பாள். மனிதர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். காயப்போட்ட துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு வேட்டி, ஒரு சேலை, ஒரு துண்டு என்றால் வீட்டில் இரண்டு பேர். அதன் பிறகு கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்து, "ஆறு பேருங்க அம்மணி" என்பார். புவனாவுக்குச் சுர்ரென்று ஏறும்.

வீடு வீடாகப் போய் அரசுக்காகக் கணக்கும் கருத்தும் கேட்பது அவள் வேலை. போத்தனூர்க்காரி. கிணத்துக்கடவைத் தாண்டிய ஊர்களெல்லாம் அவள் ஸ்கூட்டருக்குப் பழக்கம். கையில் டேப்லெட், பையில் குடை, நாய்களுக்கென்று தனியாக பிஸ்கட். நாய்களைச் சமாளித்துவிடலாம், காப்பியைத்தான் முடியாது. வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டில் பதிலே வராது. மத்தியானத்துக்குள் வயிறு புளித்துப்போகும்.

"மருத்துவ வசதியெல்லாம் எப்படீங்க?" என்று கேட்பாள். "ஒரு குறையும் இல்லீங்க" என்பார்கள். வீடு தேடி வந்தவளிடம் போய்க் குறை சொன்னால் மரியாதையாக இருக்குமா? 'திருப்தி' என்று அழுத்திவிட்டு அவள் செருப்பை மாட்டும்போது, கேட் வரைக்கும் கூடவே வந்து, "ஒரு ஊசி போடோணும்னாக்கூட பொள்ளாச்சிக்கு ஓட வேண்டியிருக்குதுங்க, என்ன கவர்மெண்ட்டோ போங்க" என்பார்கள். கேட்டுக்கு வெளியே சொல்வதைப் பதிய டேப்லெட்டில் இடம் கிடையாது.

இப்படிச் சொல்லித்தான், இப்போது அவள் வந்திருக்கும் இந்த ஊர் போன தடவை வேனைக் கோட்டைவிட்டது. துணைக்கு ஆளில்லாத முதியவர்கள் அதிகம் இருக்கும் ஊர்களுக்கு மருத்துவ வேன் அனுப்புவதாகத் திட்டம். வாசலிலேயே ரத்தக்கொதிப்பு பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். இங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளை. அந்த ஒன்றும் பெங்களூரில், இல்லாவிட்டால் கடல் தாண்டி. குழந்தைச் சத்தம் கேட்பது மில் குடியிருப்பில் மட்டும்தான், அதுவும் இந்தியில். ஆனால் கணக்கில் வீடெல்லாம் பேரன் பேத்திகள். அழுத பிள்ளைக்குத்தானே பால்? வேன் பக்கத்து ஊருக்குப் போயிற்று. அதே ஆட்கள், "ஏனுங்க அம்மணி, நமக்கு மட்டும் ஏனுங்க வண்டி வருல?" என்று அவளையே மறித்துக் கேட்டார்கள். அதனால் இப்போது மறு கணக்கு.

வேனுக்காக மனுக் கொடுத்தவர் தென்னந்தோப்புக்காரர் வெள்ளியங்கிரி. அவர் மனைவி மாரியாத்தாளுக்கு ரத்தக்கொதிப்பு. சமையல்கட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். பஸ் ஏற முழங்கால் ஒத்துழைக்காது. இந்த ஒரு வீட்டிலாவது உண்மை வரும் என்று நம்பித்தான் புவனா அங்கே முதலில் போனாள்.

"ஊட்ல எத்தன பேருங்க பெரியப்பா?"

"ஆறுங்க அம்மணி. நானு, அவ, பையன் கிருபாசங்கரு, மருமக, பேத்தி, பேரன் நிதீசு. பேரன் காலேஜுக்குப் போறானுங்க."

"கிருபாசங்கர் இப்ப எங்கீங்க?"

"அமெரிக்காவுல."

"அப்ப இங்க இல்லீங்களே!"

"அதெப்படீங்க இல்லாமப் போவான்? ஊடே அவனுதுங்க. நோம்பிக்கு வாரேன்னிருக்கறான்."

"எந்த நோம்பிக்குங்க? தீவாளிக்குங்களா, பொங்கலுக்குங்களா?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தனியாக இருக்கிறோம் என்று சொன்னால், பெற்றவர்களைப் பையன் விட்டுவிட்டான் என்று ஆகிவிடுமே! அந்தப் பேச்சை அரசாங்கத்திடம்கூட அவரால் சொல்ல முடியாது.

புவனாவின் பொறுமை அறுந்தது. "வேன் வேணும்னு மனுக் குடுத்ததும் நீங்க, ஆறு பேருன்னு சொல்றதும் நீங்க! நான் என்னத்தைங்க எழுதித் தொலைக்கறது? உங்க கொடியைப் பாருங்க, ரெண்டு பேர்த்துணிதான் தொங்குது!" எவ்வளவு கோபத்திலும் அவளுக்கு அந்த 'ங்க' மட்டும் போகாது.

வெள்ளியங்கிரி கொடியைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க அம்மணி" என்றார்.

மறுநாள் போனாள். கொடியில் இடமே இல்லை. ஜீன்ஸ், சுடிதார், ஒரு கவுன், கிளிப் போட்ட சின்னச் சட்டை. எதிலும் ஈரமில்லை. பீரோ மடிப்பு மடிப்பாகவே இருந்தது, பூச்சி உருண்டை வாசம் கேட் வரை அடித்தது. காலேஜுக்குப் போகும் பேரனின் சட்டை, நடை பழகும் பிள்ளையின் அளவுக்கு இருந்தது.

"இப்பப் பாருங்க" என்றார் பெரியவர், துவைத்து உலர்த்தியவர் மாதிரி கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே.

திட்டத்தான் வாயைத் திறந்தாள் புவனா. அவர் முதுகுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்து நின்ற மாரியாத்தாள், சத்தம் காட்டாமல் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

புவனா தலையைக் குனிந்து 'இரண்டு' என்று அழுத்தினாள். "போட்டாச்சுங்க பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"காப்பி குடிச்சுட்டுப் போங்க அம்மணி."

குடித்தாள். கிளம்பும்போது காற்று அடித்தது. அந்தச் சின்னச் சட்டை ஒரு பக்கம் நழுவித் தொங்கியது. புவனா ஸ்கூட்டர் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, சட்டையை நேராக இழுத்துவிட்டு, இன்னொரு கிளிப்பையும் போட்டுவிட்டுப் போனாள்.